கைக்குழந்தையோடு செட்டிநாடு டூரா? பெரிய வீடு, குட்டி வாண்டு... பெற்றோரே உஷார்!

காரைக்குடி:

ஸ்கூல் லீவு விட்டாச்சுன்னா சென்னை, கோவை, பெங்களூருன்னு பிழைக்கப் போன குடும்பங்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு காரைக்குடி பக்கம் வந்து இறங்குவது வருஷா வருஷம் நடக்கிற சங்கதி. சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து வருபவர்கள் தனி. இது போக செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கவும், பிள்ளையார்பட்டியில் கும்பிடவும் வரும் வெளியூர்க்காரர்கள் வேறு. இதில் இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையில் ஒரு இரண்டு வயசு வாண்டு என்று வரும் இளம் தம்பதிகளைப் பார்த்தாலே தெரியும். அப்பா முதுகில் பெரிய பை. அம்மா முகத்தில் தூக்கமே இல்லை. டூருக்கு வந்தவர்கள் மாதிரியே இருக்காது.

பெரிய பிள்ளைகள் என்றால் கவலை இல்லை. கைக்குழந்தையும் நடை பழகிய குழந்தையும் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல். ஒன்று தூங்கும்போது இன்னொன்று முழிக்கும். ஒன்றுக்கு பால் கொடுக்கிற நேரத்தில் இன்னொன்று படியேறி எங்கேயோ போயிருக்கும். எங்கே வரலாம், எங்கே வேண்டாம், எதில் ஜாக்கிரதை வேண்டும் என்று பார்ப்போம்.

பயணம் எப்படி?

சென்னையில் இருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் கிளம்பி இரவு காரைக்குடி வந்து சேர்கிறது. உட்கார்ந்து வரும் ரயில் இது. பெர்த் கிடையாது. ஆறேழு மணி நேரம் மடியிலேயே குழந்தையை வைத்திருக்க வேண்டும். படுத்து வரணும்னா ராமேசுவரம் போகும் ராத்திரி ரயில்கள் இருக்கு. ஆனால் அவை காரைக்குடியைத் தொடுவது நள்ளிரவை ஒட்டித்தான். தூங்குகிற இரண்டு பிள்ளைகளையும் சாமான்களையும் அந்த நேரத்தில் இறக்க ரெண்டு பெரியவர்கள் கண்டிப்பாக வேண்டும். தாய் மட்டும் தனியாக வருகிறார் என்றால் பல்லவனே மேல். வீட்டு ஆள் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போக வசதியான நேரம்.

ரயிலில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. அரசு பஸ்சிலும் இப்போது 5 வயது வரை கட்டணம் இல்லை. முன்பு 3 வயது வரைதான் இந்தச் சலுகை இருந்தது. 2022-ல்தான் தமிழக அரசு இதை 5 வயதாக்கியது. கண்டக்டர் டிக்கெட் கேட்டால் சண்டை போடாமல் இதைச் சொல்லுங்க.

பஸ்சில் வரும் தாய்மார்கள் பால் கொடுக்க இடமில்லாமல் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்த காலம் உண்டு. 2015 ஆகஸ்டில் தமிழகம் முழுக்க பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அறை எங்கே என்று பஸ் நிலையத்தில் விசாரித்துக் கேளுங்க. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் போய் சாவி கேட்க வெட்கப்பட வேண்டாம். கேட்டால்தான் அது திறந்தே இருக்கும்.

திருச்சி, மதுரை விமான நிலையங்களில் இருந்து காரில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பக்கம் இருந்தும் கிட்டத்தட்ட 90 கிலோ மீட்டர். இந்தத் தூரத்துக்கு முன் சீட்டில் அம்மா மடியில் குழந்தை என்பதுதான் நம்ம ஊர் வழக்கம். இது ரொம்பத் தப்பு. சடன் பிரேக் போட்டால் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் குழந்தை கையை விட்டுப் போய்விடும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் ரூ.1,000 அபராதம். பைக்கில் 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியில் இருந்து இந்த விதி அமலில் இருக்கு. பிள்ளையார்பட்டி ரோட்டில் ஒரு மணி நேரம் நின்று பாருங்க, எத்தனை பேர் இதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று தெரியும்.

அந்தக் காலத்து வீடு... இந்தக் காலத்து ஆபத்து!

செட்டிநாட்டு வீடு என்றாலே வாய் பிளந்து பார்ப்பார்கள். பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய கண்ணாடி மாதிரி சுவர், ஆத்தங்குடி கல் பதித்த தரை. 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம் பிடித்ததும் இந்த வீடுகளுக்காகத்தான். சில வீடுகள் இப்போது தங்கும் விடுதிகளாகவும் மாறியிருக்கு.

ஆனால் குழந்தையோடு வருபவர்கள் இந்த வீடுகள் யாருக்காகக் கட்டப்பட்டது என்று யோசிக்கணும். ஒரே கூரைக்குள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு 'புள்ளி'. அடுப்பு தனித்தனி, வளவு பொது. அப்பத்தா, பெரியத்தா, சின்னத்தா, வேலையாட்கள் என்று ஒரு நேரத்துக்கு இருபது முப்பது பேர் நடமாடுவார்கள். தவழுகிற குழந்தை எந்தப் பக்கம் போனாலும் ஒரு கை தூக்கிவிடும். யாரும் தனியாகக் காவல் இருக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு அதே வீட்டில் வயசான ஒரு தம்பதியும் ஒரு வாட்ச்மேனும் இருந்தால் பெரிசு. லீவுக்கு வருகிற மகன் குடும்பத்தோடு சேர்த்தால் ஆறு பேர். வீடு மட்டும் அதே நீளம்தான். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கிற வீடுகள் இங்கே ஏராளம். முன் வாசலைத் தாழ் போட்டாச்சு என்று நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். வாண்டு வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி பின் வாசல் வழியாக அடுத்த தெருவுக்கே போயிருக்கும். கூப்பிட்டால் சத்தம் கூடக் கேட்காது.

அதனால் வந்து இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பெட்டியைப் பிரிப்பது இல்லை. வீட்டை ஒரு சுற்று சுற்றி வாங்க. பின் வாசல் பூட்டியிருக்கா? கிணற்றுக்கு மூடி இருக்கா? மாடிப்படிக் கதவு சாத்தியிருக்கா? ஒரு பத்து நிமிஷ வேலை. தங்குவது விடுதி என்றாலும் இதே கதைதான். ரிசப்ஷனில் கேட்டால் காட்டுவார்கள்.

வளவு முற்றத்தில் சுற்றிலும் ஒரு படி இறக்கம் இருக்கும். பெரியவர்களுக்கு அது உட்காரும் இடம். பத்து மாதக் குழந்தைக்கு அது பள்ளம். ஆத்தங்குடி கல், கண்ணாடி மேல் வைத்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுப்பது. அதனால்தான் அந்த வழவழப்பு. வெயில் காலத்தில் ஏ.சி. இல்லாமலேயே ஜில்லென்று இருக்கும், குழந்தை தவழ அதைவிட நல்ல தரை கிடையாது. ஆனால் ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டினால் போச்சு. ஈரம் இருந்தால் உடனே துடைங்க. சாக்ஸ் போட்டு ஓடவிட வேண்டாம்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும் விட பெரிய ஆபத்து. முற்றத்தில் மழைத்தண்ணி பிடிக்கிற அண்டா, கொல்லைப்புறத் தொட்டி, பாத்ரூம் பக்கெட், வாசலுக்கு எதிரே ஊருணி. தவழுகிற குழந்தை பக்கெட்டுக்குள் தலைகுப்புற விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. தலையின் கனம் அப்படி. அரை அடித் தண்ணீர் கூட வேண்டாம். சத்தமும் வராது. சினிமாவில் காட்டுகிற மாதிரி கையை ஆட்டிக் கத்துவதெல்லாம் நிஜத்தில் நடக்காது. ரெண்டு மூணு நிமிஷத்தில் முடிந்துவிடும். அண்டாவைக் கவிழ்த்து வைங்க. பாத்ரூம் கதவை சாத்துங்க. 'யாராவது பார்த்துக்குவாங்க' என்பது மட்டும் வேண்டாம். இந்த ஒரு மணி நேரம் அப்பா, அடுத்த ஒரு மணி நேரம் சித்தப்பா என்று பெயர் சொல்லிப் பொறுப்பு கொடுங்க.

வருஷம் முழுக்க மூடிக் கிடந்த வீடு என்றால் இரண்டு நாள் முன்பே ஆள் விட்டு சுத்தம் செய்யச் சொல்லணும். பழைய சாமான் அறை, விறகு அடுக்கிய இடத்தில் தேள், பாம்பு இருக்கலாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது, பச்சிலை தேடுவது எல்லாம் வேண்டாம். காலை அசைக்காமல் படுக்கவைத்து நேரே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்க.

தூளி கட்டலாமா?

கட்டலாம். புது இடத்தில் தூங்க மறுக்கும் குழந்தையைப் பழைய பருத்திச் சேலைத் தூளி மாதிரி வேறு எதுவும் தூங்கவைக்காது. செட்டிநாட்டு வீட்டு உத்தரமும் கொக்கியும் யானையைக் கட்டினாலும் தாங்கும். ஊருக்குக் கிளம்பும்போதே ஒரு பருத்திச் சேலையும் நல்ல கயிறும் எடுத்து வைங்க. ஆனால் குப்புற விழப் பழகிய குழந்தையை தூளியில் விட்டுவிட்டு அடுத்த கட்டுக்குப் போகக் கூடாது. இன்னொன்று, மூத்தது. தம்பிப் பாப்பாவை ஆட்டிவிடுகிறேன் என்று வாண்டு ஒரே தள்ளாகத் தள்ளும். பாசமா, பொறாமையா என்று அதுக்கே தெரியாது. தூளிக் கயிற்றின் தொங்கல் நுனி கழுத்தில் மாட்டும் அபாயமும் இருக்கு. நுனியை மேலேயே சுருட்டிக் கட்டிடுங்க.

சீடை வேண்டாம்... கும்மாயம் ஓகே!

செட்டிநாடு வந்து சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? பெரியவர்களுக்கு நண்டு மசாலா, உப்புக்கறி. சின்னதுகளுக்கும் இங்கே நிறைய இருக்கு. இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம் எல்லாம் காரம் இல்லாதது. பாசிப்பருப்பும் உளுந்தும் அரிசியும் வறுத்து அரைத்து, வெல்லம் நெய் சேர்த்துக் கிண்டுகிற கும்மாயம் இரண்டு வயசு வாண்டுக்கு அளவாக ஒரு உருண்டை கொடுத்தால் போதும், மதியம் வரைக்கும் பசிக்காது.

பலகார டப்பாவில்தான் வில்லங்கம். ஊருக்கு வந்த பேரன் கையில் முதலில் வந்து சேருவது சீடை. அப்புறம் வேர்க்கடலை, பொட்டுக்கடலை. நாலு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு இவை மூன்றும் ஆகாது. கடைவாய்ப் பல் சரியாக வராத குழந்தை அதை மெல்லாமல் விழுங்கும். ஓடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே தின்றால் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். முழு திராட்சையும் அப்படித்தான். தேன்குழலை நொறுக்கிக் கொடுக்கலாம், அதுவும் உட்கார வைத்து.

அடைத்துவிட்டால் என்ன செய்வது? குழந்தை பலமாக இருமுகிறதா, இருமட்டும், விடுங்க. இருமல் நின்று, அழ முடியாமல், முகம் நீலம் பாய்ந்தால் ஒரு நொடி கூட தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்டது என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்து. மாறி மாறிச் செய்யணும். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னால் இருந்து கட்டிப்பிடித்து தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அமுக்கணும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம், இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-க்கு அடிக்கணும்.

அப்பத்தா - மருமகள் பஞ்சாயத்து!

எல்லா வீட்டிலும் லீவில் ஒரு நாளாவது இது நடக்கும். 'நாங்கெல்லாம் பத்துப் பிள்ளை வளர்க்கலையா?' என்று ஆரம்பிக்கும். சில விஷயத்தில் அப்பத்தா சொல்வது சரி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தூளி, மடியில் போட்டுத் தட்டுவது, இதற்கெல்லாம் அவர்கள் கைதான் கை. கைக்குழந்தையைத் தைரியமாகக் கொடுத்துவிட்டு மருமகள் இரண்டு மணி நேரம் தூங்கட்டும். அவருக்கு லீவு என்பதே அதுதான்.

ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில் தேன் தடவுவது வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது. சின்னக் குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கி தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். சித்திரை வெயிலாக இருந்தாலும் தண்ணீர் வேண்டாம், அடிக்கடி பால் கொடுத்தால் சரி. சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், கிரைப் வாட்டர் எதுவும் தேவையில்லை. இதை மருமகள் சொன்னால் எடுபடாது. மகன் சொல்லணும். நம்ம ஊரில் அப்படித்தான்.

எங்கே போகலாம்?

பிள்ளையார்பட்டி கற்பக விநாயகரை எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும். பாறையிலேயே செதுக்கிய சுமார் ஆறு அடிப் பிள்ளையார், அதுவும் இரண்டே கை. வாண்டுகள் வாய் திறந்து பார்க்கும். சங்கடஹர சதுர்த்தி, விநாயகர் சதுர்த்தி, புத்தாண்டு நாட்களில் மட்டும் கைக்குழந்தையோடு போகாதீங்க. கூட்டத்தில் மூச்சு முட்டும். சாதாரண நாளில் காலையிலேயே போயிட்டு வெயில் ஏறும் முன்னே திரும்பிடுங்க. மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிக்கு மேல்தான். வெயிலில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு வாண்டை நடக்கவிட்டால் பாதம் கொப்பளித்துவிடும்.

பக்கத்தில் குன்றக்குடி. இங்கே யானை பார்க்கலாம் என்று பழைய நினைப்பில் குழந்தையிடம் ஆசை காட்டிவிடாதீர்கள். கோயில் யானை சுப்புலட்சுமி 2024 செப்டம்பரில் கொட்டகையில் பிடித்த தீயில் காயம்பட்டு இறந்துபோனது. மலைக்கோயிலுக்குப் படி ஏறணும். குழந்தையை முன்பக்கம் கட்டிக்கொள்ளும் பை இருந்தால் அப்பா தூக்கலாம். தள்ளுவண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க. செட்டிநாட்டில் அது எங்கேயும் உதவாது.

கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளைப் பார்ப்பது ஒரு காலைப் பொழுதுக்குச் சரி. ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். நாலு வீடு பார்க்க நினைத்தால் நாலாவது வீட்டில் இரண்டு குழந்தையும் ஒரே நேரத்தில் அழும். ஆத்தங்குடியில் கல் வார்ப்பதைப் பார்க்க வாண்டுகளுக்கு கொள்ளை ஆசை. கண்ணாடி மேல் கலர் கலராக ஊற்றுவதை கண் கொட்டாமல் பார்க்கும். கைக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துங்க, ஈரச் சிமென்ட் தோலையும் கண்ணையும் அரிக்கும்.

திருமயம் கோட்டை அருமையான இடம்தான். ஆனால் மேலே ஏற ஏற வழுக்குப் பாறை, நிழல் கிடையாது. கீழே நின்று காட்டிவிட்டு வந்துடலாம். மேலே இருக்கும் பீரங்கி எங்கேயும் ஓடிவிடாது, அஞ்சு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வயசுக் குழந்தைகளுக்கு என்று கேட்டால் நம்ம ஓட்டு வேட்டங்குடிக்குத்தான். திருப்பத்தூர் அருகே உள்ள பறவைகள் சரணாலயம் இது. 1977-ல் அறிவிக்கப்பட்டது. மழைக்குப் பிறகு, நவம்பர் முதல் பிப்ரவரி வரை கண்மாய் மரங்களில் கொக்கும் நாரையும் நிறைந்திருக்கும். பறவைகள் பயந்து போய்விடும் என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. வெடிச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு அழும் கைக்குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் யோகம். கரையோரம் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்க.

பொங்கல் லீவில் வருபவர்களுக்கு கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது சிராவயல் மஞ்சுவிரட்டு. பொட்டலில் மாடு எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. 2024-ல் அங்கே மாடு முட்டி ஒரு சிறுவன் உட்பட 2 பேர் உயிரிழந்தார்கள். தோளில் குழந்தையைத் தூக்கிவைத்துக் காட்டுவது வீரம் இல்லை. டி.வி.யில் காட்டுங்க.

பையில் என்ன இருக்கணும்?

தடுப்பூசி அட்டை முதலில். ஊருக்கு வந்த நேரத்தில் தவணை வந்தால் தள்ளிப்போட வேண்டாம். புதன்கிழமை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் இலவசமாகப் போடுவார்கள். அடுத்து கொசுவலை, தெர்மாமீட்டர், டாக்டர் எடை பார்த்து எழுதிக்கொடுத்த பாராசிட்டமால்.

ஓ.ஆர்.எஸ். பவுடர் இரண்டு பாக்கெட். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்கணும். பாதி பாதியாகக் கரைத்தால் அளவு மாறிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கடையில் அட்டைப் பெட்டியில் இனிப்பாக விற்ற பானங்கள் பலவற்றில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டிருந்தார்கள். சர்க்கரை அதிகமான அவை வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டும். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடத் தடை விதித்தது. மெடிக்கலில் உலக சுகாதார நிறுவன அளவுப்படி உள்ள பவுடர் என்று கேட்டு வாங்குங்க.

இருமல் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீங்க. அதே 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் சிரப் குடித்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, உச்சிக்குழி உள்வாங்குவது, ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒண்ணுக்குப் போகாதது, மூச்சு இழுப்பது - இதில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். தெருநாய் கீறினாலும் 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடணும். காரைக்குடியிலேயே அரசு மருத்துவமனை இருக்கு. பெரிய பிரச்னை என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆம்புலன்சுக்கு 108, ஆலோசனை கேட்க 104. வெளிநாட்டு சிம் வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒரு லோக்கல் போனை எப்போதும் சார்ஜில் வைத்திருங்க.

திரும்பிப் போகும்போது பலகார டப்பா இல்லாமல் யாரும் விடமாட்டார்கள். வாங்கிக்கொள்ளுங்க. ரயிலில் மட்டும் மேல் பெர்த்தில் வைங்க, வாண்டு கைக்கு எட்டாமல்.